சுண்ணாம்பு வைத்த கல்

சேரன்மகாதேவிக்கும் காருகுறிச்சிக்கும் நடுவில்
என் கேட்.
காலை செங்கோட்டை வண்டி போனதும்
தண்டவாளத்தை ஒட்டிய ஜல்லியில்
ஒரு ஆள்காட்டி வந்து உட்காரும்.
முதல் மூன்று நாள்
சும்மா உட்காருகிறது என்றுதான் நினைத்தேன்.

நான்காம் நாள்
அது எழுந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்
நடந்துபோய்ப் பார்த்தேன்.
கல். கல். கல்.
பிறகு ஒரு கல்லுக்குப் புள்ளி இருந்தது.
பிறகு நான்கு,
கூர்முனையெல்லாம் உள்ளே திரும்பி,
தலையைக் கூட்டி ரகசியம் பேசுகிற மாதிரி.
என் உச்சிக்கு மேல் அது போட்ட கூச்சலில்
உளுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள்
நிமிர்ந்து பார்த்தார்கள்.

பதிவேட்டின் கடைசித் தாளில் எழுதினேன்:
சித்திரை இரண்டு. முட்டை நான்கு.

வண்டிக்கு அது பறப்பதில்லை.
எழுந்து நாலு எட்டு தள்ளி
முதுகைக் காட்டி நிற்கும்.
கடைசிப் பெட்டி கடந்து
நான் பச்சைக்கொடியைச் சுருட்டுமுன்
போய் உட்கார்ந்திருக்கும்.
வேலையில் என்னைவிட சீனியர்.

கத்திரி பிறந்தது.
மதியம் பன்னிரண்டரைக்கு
இரும்பைத் தொட்டால் தோல் வந்துவிடும்.
நான் பாத்திரம் கழுவின தண்ணீர்
வேம்படியில் தேங்குகிற குழிக்கு
ஓட்டமும் நடையுமாக வரும்.
குடிக்காது.
வயிற்றை அமிழ்த்தி இரண்டு அசைப்பு,
சொட்டச் சொட்டத் திரும்பி ஓடி
ஈரத்தை முட்டைமேல் இறக்கும்.
அன்றிலிருந்து
சோற்றுப்பானையை
இரண்டு தண்ணீர் கூடுதலாக அலசுகிறேன்.

ஜல்லி குத்துகிற மெஷின் வரப்போகிறது என்றான்
சொரிமுத்து.
தேதி சொல்லவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.
"கேங்கு ஆளுவ மிதிச்சிரப்புடாதுல்லா,
ஒரு அடையாளம் வையுங்கக்கா."
நல்ல யோசனை என்றுதான் பட்டது.
கேட் கம்பத்துக்கு அடித்த சுண்ணாம்பு மிச்சமிருந்தது.
கையளவு கல்லொன்றை வெளுத்து
முட்டைக்கு ஒரு முழம் தள்ளி வைத்தேன்.

விடியலில் மூன்று.

அதற்கடுத்த விடியலிலும் காகம் வந்தது.
வட்டமிடவில்லை, தேடவில்லை,
விலாசம் கையில் இருக்கிறவனைப் போல
நேராக வெள்ளைக்கல்மேல் இறங்கிற்று.
ஆள்காட்டி அதன்மேல் விழுந்து விழுந்து
விரட்டியதை
கொடிக்கம்பும் கையுமாக ஓடிக்கொண்டே பார்த்தேன்.

ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று
அதற்கு அப்படியொரு பேர்.

கல்லைக் கால்வாயில் எறிந்தேன்.
பதிவேட்டில் நான்கை அடித்து மூன்று என்று எழுதினேன்.
அடித்துத் திருத்தினால்
பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும், எங்கள் விதி.
இட்டேன்.

"எங்கனக்கா இருக்கு, அந்த முட்டை?"
"எந்த முட்டை?"
சொரிமுத்து என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
சுத்தியலைத் தோளில் மாற்றிக்கொண்டு போனான்.
கேட்டுக்கு மேற்கே நாற்பத்தொன்றாவது ஸ்லீப்பர்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்
சொல்லியிருக்கமாட்டேன்.

வைகாசி பிறந்த அன்றைக்கு,
வெயில் மலைக்குப் பின்னால் சரிகிற நேரம்,
ஜல்லியில் ஏதோ நடந்தது.
பஞ்சு உருண்டைக்கு
ஈர்க்குச்சியில் கால் வைத்தாற்போல ஒன்று,
அதன் பின்னால் இன்னொன்று.
தண்டவாளம் அவற்றுக்கு மதில்.
அடியில் ஜல்லி விலகிய சந்தைக்
கண்டுபிடித்து நுழைந்தன.
சரியாக அப்போது போன் அடித்தது.

கேட்டைப் போட்டேன்.
தாய் ஒரு குரல் கொடுத்தது,
வழக்கமான அலறல் இல்லை, சின்னதாக.
குஞ்சுகள் இருந்த இடத்தில்
கல் இருந்தது.
எந்தக் கல் என்று எனக்குத் தெரியவில்லை.
ஒரு மாதமாக இதையே பார்த்திருந்த எனக்கு.

வண்டி போனது.
ஜல்லி ஜல்லியாகவே கிடந்தது.
வைக்கோல் லாரிக்காரன் ஹாரனை அமுக்கி
"உறங்கிட்டியளா?" என்று கத்தினான்.
தாய் மறுபடி அழைத்தது.
ஒரு கல் எழுந்தது.
கொஞ்சம் தள்ளி, நான் பார்க்காத பக்கத்தில்,
இன்னொன்று.
மூன்றாவதுக்காக
லீவரைப் பிடித்தபடி நின்றேன்.

கேட் திறப்பதில் தாமதம், இரண்டு நிமிடம்.
எழுதிவிட்டேன்.
காரணம் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.